கம்பெனி பஸ்ஸில் ஏறாதவள்

நான் ஓடுகிறவள். பெயர் லூர்து மேரி, வயது முப்பத்தாறு. வல்லம் வடகாலில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை. ஏ ஷிஃப்ட், அதாவது காலை ஷிஃப்ட், விட்டதும் மற்ற பெண்கள் பஸ்ஸைப் பிடிப்பார்கள். நான் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்து, ஷூவை மாற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டியதும் ஓடத் தொடங்குவேன். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

காரணம் சுலபமானது. ஷிஃப்ட் முடிவது இரண்டரைக்கு. பஸ் அதற்கப்புறம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஊரெல்லாம் சுற்றி ஆள் இறக்கி, என்னை வீட்டில் கொண்டுவந்து விடும்போது நாலேகால் ஆகிவிடும். என் மகள் ஷாலின் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய ஸ்கூல் வேன் மூன்றரைக்கே வந்துவிடும். சிப்காட் ரோட்டில் மூன்று கிலோமீட்டர், ஏரிக்கரையில் இரண்டு கிலோமீட்டர் ஓடினால் மூன்றேகாலுக்கு நான் என் வாசலில் நிற்பேன். வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தாலே அதிகம்.

முதல் மாதம் விலா பிடித்துக்கொண்டு பாதி தூரம் நடந்தேன். அப்புறம் கால் தன் வேலையைக் கற்றுக்கொண்டது. மற்ற ஷிஃப்ட் வாரங்களில் ஷாலினை நாத்தனார் பார்த்துக்கொள்வாள். அந்த வாரங்களிலும் காலையில் ஏரிக்கரைக்குப் போய் ஓடிவிட்டுத்தான் சோறு வடிப்பேன். லைனில் கூட நின்று வேலை செய்கிறவர்களில் என்னைக் கேலி பண்ணாதவர்கள் கிடையாது. பண்ணட்டும். அவர்களுக்கு முப்பது வயதிலேயே முட்டி வலி.

ஐப்பசியில் ஹெச்.ஆருக்குப் புது ஆபீசர் வந்தார், சிவசங்கர் என்று பெயர். வந்த வாரமே பஸ் லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்து, ஏ ஷிஃப்ட் வாரங்களில் என் பெயருக்கு எதிரே கையெழுத்தே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். பெண்கள் வீட்டு வாசல் வரை கம்பெனியின் பொறுப்பாம். தனியாகப் போக வேண்டுமானால் ஒரு ஃபாரம் நிரப்பித் தர வேண்டும். அதில் பெயர், காரணம், கடைசியில் கணவர் அல்லது தகப்பனார் கையெழுத்து.

அன்று கேட்டில் செக்யூரிட்டி கோவிந்தம்மா என் முன்னால் கையை நீட்டினாள். "மேரி, கோச்சிக்காத. உன்ன வெளிய வுட வேணாம்னு புது ஆபீசரு சொல்லிக்கீறாரு."

பஸ்ஸில் போனேன். நாலேகாலுக்குப் போய் இறங்கினால், ஷாலின் வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஷூகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. அழாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராத்திரி கிறிஸ்துதாஸ் போனில் பேசினார். ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தருகிறேன், இதற்குப் போய் ஏன் கத்துகிறாய் என்றார். நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு விஷயம் பிடிபடவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் டீ டைமில் நேரே சிவசங்கர் ரூமுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். தன்மையான ஆள்தான். விதி எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று ஆரம்பித்தார்.

"சார், போன வருசம் நைட் ஷிஃப்ட்டுக்கு சம்மதம்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க," என்றேன். "அதுல நான் போட்ட கையெழுத்தே செல்லுச்சு. ராத்திரி பூரா வேலை செய்றதுக்கு என் கையெழுத்து போதும், பட்டப்பகல்ல வூட்டுக்குப் போறதுக்கு வூட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?"

அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த பொம்பளை ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? வளைவு தாண்டி ஒரு பைக் காத்திருப்பதாக லைனில் பேசிக்கொள்கிறார்களாம்.

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும் என்பது தெரியும். ஆனால் ஒன்பது வருஷம் பக்கத்தில் நின்று வயர் கட்டிய நாக்குகள் இவை. நான் எழுந்துகொண்டேன்.

"நீங்களே வந்து பாருங்க சார். உங்க வண்டிய எடுத்துக்கினு என் பின்னாடி வாங்க."

வந்தார். அன்று ஷிஃப்ட் விட்டதும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக உறுமிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்தார். பக்கத்தில் டிரெய்லர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒன்றரைக் கிலோமீட்டரில் பக்கவாட்டில் வந்து, போதும், நம்புகிறேன் என்றார்.

"பாதியில நம்பாதீங்க சார். முழுசா நம்புங்க."

முந்தின நாள் பெய்த மழையில் ஏரிக்கரை சேறாகக் கிடந்தது. அவர் வண்டி பத்தடியிலேயே வழுக்கியது. இறங்கித் தள்ள ஆரம்பித்தார். நான் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

கரைமேல் ஓடும்போது எனக்கு எதுவுமே ஞாபகத்தில் இருக்காது. லைன், டார்கெட், சமையல், ஏன், ஷாலின்கூட. காற்றும் என் காலடிச் சத்தமும் மட்டும்தான். அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பிள்ளைக்காக ஓடுகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்காக என்றால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

மூன்றேகாலுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வீட்டில் இருந்தேன். வேன் வந்தது, ஷாலின் இறங்கினாள். அவளுக்கு முகம் கழுவிவிட்டுப் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் சிவசங்கர் வழி கேட்டு வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு.

"அம்மா, இவரு உன்கூட ஓடியாந்தாரா?" என்று ஷாலின் கேட்டாள்.

"இல்ல, வண்டியில வந்தாரு."

"வண்டியில வந்துமா லேட்டு?"

அவர் சிரித்துவிட்டார். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். ஷாலின் அவரை மறந்துவிட்டு, மிஸ் திட்டியது, பக்கத்துப் பெண்ணுக்குப் பல் விழுந்தது என்று மூச்சு விடாமல் என்னிடம் கொட்டினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கும் இந்த வயசில் ஒரு பையன் உண்டு, தான் வீட்டுக்குப் போகும்போது தூங்கியிருப்பான் என்றார். நாளையிலிருந்து போங்கள், உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள் என்றார்.

வாயால் சொன்னது போதாது, நீங்கள் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வந்து கேட்பார், எழுதித் தாருங்கள் என்றேன். அவர் பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தார். கணவர் கையெழுத்து என்ற வரியை ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் தன் சுருக்கொப்பம் வைத்தார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"குழந்தையைப் பாத்துக்கறதுக்குன்னு போட்டுடறேம்மா. மேலே உடனே ஒத்துப்பாங்க."

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். நல்ல காரணம்தான், பொய்யும் இல்லை. ஆனால் ஷாலினுக்கு இன்னும் நாலைந்து வருஷத்தில் தானே கதவைத் திறந்துகொள்ளத் தெரிந்துவிடும். அன்றைக்கு இந்தக் காகிதம் செல்லாது. மறுபடியும் நான் கேட்டில் நிற்க வேண்டும்.

"வேணாம் சார். அவ வளந்துடுவா, நான் அப்பவும் ஓடுவேன். எனக்கு ஓடப் புடிக்கும். அதையே எழுதுங்க."

ஷாலின் பால் டம்ளரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கேட்கட்டும் என்றுதான் அதைச் சத்தமாகச் சொன்னேன். அவர் எழுதி முடித்ததும் பேனாவை வாங்கி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.