அம்மைத் தழும்பும் மூன்று முதலாளிகளும்

"முதலாளி எங்க?" என்று யார் கேட்டாலும் அந்த ஸ்டுடியோவில் மூன்று தலைகள் நிமிரும். பழைய முதலாளி மகனோடு மெட்ராஸுக்குக் குடிபோனபோது, அங்கே வேலை செய்த மூவரே சேர்ந்து கடையை எடுத்துக்கொண்டார்கள். படம் பிடிக்கும் லோகநாதன், இருட்டறையில் பிரின்ட் போடும் ஜெயவேல், நெகட்டிவில் தழும்பு, மருவைப் பென்சிலால் மறைத்து டச்சிங் செய்யும் ரேணுகாம்பாள். எதுவானாலும் கைதூக்கித்தான் முடிவெடுப்பது என்று ஏற்பாடு. ஆரணியில் இப்படியும் ஒரு கடையா என்று தறிக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வந்து படமும் எடுத்துக்கொண்டார்கள்.

எழுபத்தொன்பது தை மாதம் கன்னியம்மாள் தன் மகள் கண்ணகியை அழைத்துவந்தாள். கலசப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும். சின்ன வயதில் வார்த்த அம்மை கண்ணகியின் இரண்டு கன்னங்களிலும் தழும்பு விட்டிருந்தது.

"தழும்பு ஒண்ணு வுடாம எடுத்துடும்மா" என்று, படம் பிடித்து முடிந்ததும் ரேணுகாம்பாளின் காதில் சொல்லிவிட்டுப் போனாள் கன்னியம்மாள்.

மறுநாள் கண்ணகி தறியிலிருந்து எழுந்து நேரே வந்தாள், தனியாக.

"அக்கா, தழும்ப எடுக்காதீங்க. கட்டிகினு போனப்புறம் அவரு தெனம் பாக்கப்போறது இந்த மூஞ்சியத்தான? ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சா நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் போனதும் மூவரும் உட்கார்ந்தார்கள். படம் கேட்டது அம்மா, அவள் சொன்னதைத்தான் செய்யவேண்டும் என்றான் லோகநாதன். முகம் யாருடையதோ அவர் சொல்வதுதான் என்றான் ஜெயவேல். மிச்சம் ரேணுகாம்பாளின் கை. எட்டு வருடத்தில் ஒரு தழும்பைக்கூட அவள் தப்பவிட்டதில்லை. 'ரேணுகாம்பாள் கைபட்டா கல்யாணம்தான்' என்று ஊரில் பேச்சே உண்டு. இந்தப் படம் இப்படியே போனால் அந்தப் பேர் என்னாகும்? வெகுநேரம் நெகட்டிவையே பார்த்துக்கொண்டிருந்தவள், கண்ணகி பக்கம் கையைத் தூக்கினாள்.

படம் வாங்கவந்த கன்னியம்மாள் கொதித்துப்போனாள்.

"இன்னா வேல செஞ்சு வெச்சிருக்க? கூப்புடு உன் மொதலாளிய!"

"நான்தாங்க மொதலாளி" என்றாள் ரேணுகாம்பாள். "உங்க பொண்ணு கேட்டுச்சு. சரின்னு பட்டுது, வுட்டுட்டேன்."

கன்னியம்மாள் மற்ற இரண்டு முதலாளிகளையும் பார்த்தாள். லோகநாதன் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் திரும்பவும் படத்தைப் பார்த்தாள். அதில் கண்ணகி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இப்பிடி சிரிச்சா இவ?" என்று முணுமுணுத்துவிட்டு, படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்து, கையில் அந்தப் படத்தோடு ஒருவன் வந்து நின்றான். பெயர் தருமன், ஊர் கலசப்பாக்கம்.

"இதுல இருக்கிற மாதிரியே பொண்ணு இருக்குமாங்க?"

எத்தனையோ மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்விதான். ஒவ்வொரு முறையும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பதில் சொன்ன ரேணுகாம்பாள், இன்று அவனை நேராகப் பார்த்தாள்.

"அப்படியே இருக்கும்."

தருமன் தலையைச் சொறிந்தான். "அப்பிடின்னா என்னையும் ஒண்ணு புடிங்க. அவங்க வூட்டுக்குக் குடுக்கணும்."

அவனை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். "மோவாய தூக்கு" என்றான் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து லோகநாதன். "எறக்கு" என்றான் சீப்போடு நின்ற ஜெயவேல். "அது இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றாள் ரேணுகாம்பாள். யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல், விளக்கு வெளிச்சத்தில் நெற்றியில் எண்ணெய் வழிய, தருமன் சிரிக்க ஆரம்பித்திருந்தான்.