ஆமென் சொன்ன பிறகு

போதகர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அணைவது டிவிதான். அடுத்து சண்டை நிற்கும், சிரிப்பும் நிற்கும். கால்மேல் கால் போட்டிருந்தவர் காலை இறக்குவார். பிள்ளைகள் எங்கிருந்தோ இழுத்துவரப்பட்டு வரிசையாக உட்காரவைக்கப்படுவார்கள். எல்லோரும் தன் முன்னால் நல்ல பிள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. மனிதர்கள் எப்படித்தான் சண்டை போடுகிறார்கள் என்று பார்க்க அவருக்கும் ஆசை இருக்காதா?

இன்னொரு விஷயமும் உண்டு. சபையார் வீடுகளில் ஜெபம் என்பது பாதி கடவுளுக்கு, பாதி வாசற்கதவுக்கு. டீ குடித்தாயிற்று, நலம் விசாரித்தாயிற்று, இனிப் பேச ஒன்றும் இல்லை என்றானதும் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, ஒரு சின்ன ஜெபம்..." என்பார். ஆமென் சொன்னதும் போதகர் எழுந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்த போதகரை யாரும் பார்த்ததில்லை.

மனைவி இருந்தவரை இதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்தே வீடு வீடாகப் போவார்கள். ஜெபிக்க ஆரம்பித்தால் போதகருக்கு நேரம் காலம் கிடையாது. வீட்டிலுள்ளவர்களில் தொடங்கி நாட்டை ஆள்கிறவர்கள் வரை போய்விடுவார். அந்தம்மா கண்ணைத் திறக்காமலே அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டுவார். இவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஆமெனில் நிறுத்துவார். வெளியே வந்ததும், "அடுப்புல பாலை வெச்சிட்டு அந்தப் பொண்ணு தவிக்குது, நீங்க என்னடான்னா தேசத்தையே சுத்திட்டு வர்றீங்க" என்று ஒரு பாட்டம் திட்டு விழும்.

அந்தம்மா இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. தட்ட ஆளில்லாமல் ஜெபங்கள் நீண்டுகொண்டே போயின. சபைச் செயலாளர் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். "ஐயா, கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, சுருக்கமா சொன்னாலே போதும்ல?" போதகர் தலையாட்டி வைத்தார். ஆமென் சொன்னால் கிளம்ப வேண்டும், கிளம்பினால் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

தன் வீட்டில் அவரால் ஜெபிக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவருக்குத் தன் கட்டிலருகே முழங்காலிட்டால் வாய் எழும்பவில்லை. இவர் சொல்ல, அந்தம்மா ஆமென் சொல்ல, அப்படியே பழகிப்போன வாய் அது. இப்போது தானே சொல்லித் தானே ஆமென் போடக் கூச்சமாக இருந்தது. கூச்சம் மெல்லப் பயமாக மாறியது. நம்பிக்கையே போய்விட்டதோ? ஜெபிக்காத போதகர் எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறுவது? இப்படியே போனால் பொறுப்பை விட்டு விலகிவிடுவதுதான் நேர்மை என்று மனதுக்குள் முடிவுகூடச் செய்திருந்தார்.

போதாக்குறைக்கு அவருக்கு மறதியும் வந்திருந்தது. ஒரு வீட்டில் குடை, இன்னொரு வீட்டில் பேனா. எடுக்கப் போகிற சாக்கில் இன்னொரு தரம் உட்காரலாம் பாருங்கள். பொய் சொன்னார் என்று சொல்லிவிட முடியாது. பொருள் கண்ணில் பட்டும் படாததுபோல எழுந்து வந்தார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். பாடகர் குழுவில் பாடும் அம்மாவின் கணவர் நின்றிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சபைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். போதகர் வந்தால் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள். கையில் போதகரின் மூக்குக் கண்ணாடி இருந்தது.

"எங்க வீட்டு மேஜையில விட்டுட்டு வந்துட்டீங்க. அவ பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கா, என்னைக் குடுத்துட்டு வரச் சொன்னா."

போதகருக்கு ஏமாற்றமாகிவிட்டது. அந்தக் கண்ணாடியை நம்பித்தான் நாளைய சாயங்காலத்தை வைத்திருந்தார். "நானே வந்து எடுத்திருப்பேனே."

"தெரியும். எங்க வீட்ல கண்ணாடி, செயலாளர் வீட்ல குடை. எல்லாரும் உங்களுக்கு மறதின்னு சொல்றாங்க. மறந்தவர் முகம் இப்படியா இருக்கும்?"

போதகரின் காது சுட்டது.

"உள்ள வரலாமா?" என்றார் டிரைவர்.

போதகர் வீட்டுக்கு வருகிறவர்கள் காரியத்தைச் சொல்லிவிட்டு வாசலோடு போய்விடுவதுதான் வழக்கம். இவர் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போட்டீங்களா, காட்டிட்டு எடுத்துட்டீங்களா?" என்றார். போதகருக்குச் சந்தோஷமாக இருந்தது. அவரை யாராவது குறை சொல்லி எவ்வளவு நாளாயிற்று!

முழங்கால் வலி, மழை, ரோட்டுப் பள்ளம் என்று பேச்சு எங்கெங்கோ போய் ஓய்ந்தது. டிரைவர் தொண்டையைச் செருமினார். கிளம்பப் போகிறார் என்று போதகருக்குப் புரிந்துவிட்டது. அந்தச் செருமல் அவருக்குத் தெரியாததா?

"பாஸ்டர் சார், ஒரு ஜெபம் பண்ணிடுங்க."

"உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே."

"எனக்கில்லன்னா என்ன? உங்களுக்கு இருக்குல்ல?"

அந்தக் கேள்விக்குத்தானே இத்தனை நாளாகப் பதில் தேடிக்கொண்டிருந்தார். போதகர் கண்ணை மூடினார். வழக்கம்போல வாய் எழும்பவில்லை. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. ஆள் இருக்கிறது. "ஆண்டவரே" என்றார். அதன்பிறகு தடை இல்லை. டிரைவரின் முழங்காலுக்காகக் கேட்டார், பாடுகிற அம்மாவுக்காகக் கேட்டார். "இந்த வீட்டுல எனக்குப் பயமா இருக்கு" என்றுகூடச் சொல்லிவிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இந்த மனிதர் எழுந்து போய்விடுவார். நாட்டை ஆள்கிறவர்களிடம் போனார், அங்கிருந்து பக்கத்து நாடுகளுக்கும் போனார்.

முழங்கையில் ஒரு தட்டு விழுந்தது.

போதகர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கண்ணைத் திறக்காமலே, "ஆமென்" என்றார்.

"ஆமென்" என்றார் டிரைவரும்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ளறைக் கதவிடுக்கு வழியா எத்தனை தரம் பார்த்திருக்கேன்! உங்க வீட்டம்மா எப்போ தட்டுவாங்க, நான் எப்போ டிவி போடலாம்னு காத்துக்கிட்டிருப்பேன். எனக்கு அது கண்டக்டர் விசில் மாதிரி."

போதகர் சிரித்தார். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழியனுப்புவதற்காக எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து பிடித்தார். பின்னால் யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், டிரைவர் காலை ஆட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அங்க ஏன் போய் நிக்கிறீங்க?" என்றார். "இன்னொரு டீ போடுங்க. இந்தத் தடவையாவது சர்க்கரை போடுங்க."