கதவோர நாற்காலி

சிறுவர் காப்பக விடுதியின் பேட்டி அறைக்குள் ஆலோசகி பயந்துகொண்டேதான் நுழைந்தாள். பயமே இல்லாமல் இந்த வேலையைப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று பொய் சொல்கிறார்கள், இல்லையென்றால் நேற்றுதான் சேர்ந்திருக்கிறார்கள். போன வருஷம் ஒரு பையன் ஸ்டூலைத் தூக்கி அடித்ததில், கூட வேலை பார்த்தவளுக்கு முழங்கை உடைந்தது. "உங்க ஆபீஸ்ல ஹெல்மெட் குடுக்க மாட்டாங்களா?" என்று ஆலோசகியின் வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார். ஆனால் அவள் வீடு வந்து சேரும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கதவுப் பக்கத்து நாற்காலியில்தான் ஆலோசகர் உட்கார வேண்டும் என்பது பயிற்சியில் முதல் நாளே மண்டையில் ஏற்றிய பாடம். ஏதாவது ஏடாகூடமானால் எழுந்து ஓடிவிடலாம். மேஜைக்கு அடியில் அழைப்பு மணியும் உண்டு. அமுக்கினால் காவலாளிகள் வந்துவிடுவார்கள்.

எதிரே, சுவர் மூலையில், பதினைந்து வயதுப் பெண். வாயைத் திறக்காததால் விடுதிப் பிள்ளைகள் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். சித்தப்பா வீட்டிலிருந்து ஓடிவந்தவள். ஏன் ஓடிவந்தாள் என்று எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. ம்ஹூம். இன்று மாலை சித்தப்பா கூட்டிப் போக வருகிறார். அவள் வாயால் ஒரு காரணம் சொன்னால் நிறுத்தலாம், இல்லாவிட்டால் அனுப்பத்தான் வேண்டும் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்காவது சொல்லும்மா" என்று ஆலோசகி ஆரம்பித்தபோதுதான் பெண்ணின் சட்டைக் கைக்குள் பளபளத்ததைப் பார்த்தாள். கைவேலை அறையின் பெரிய கத்தரிக்கோல்.

ஆலோசகியின் விரல் தானாக மணியைத் தேடியது. அமுக்கினால் உயிருக்குப் பழுதில்லை. ஆனால் ஆயுதம் வைத்திருந்த பெண் என்று எழுதி, அந்தச் சித்தப்பாவிடமே தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். அமுக்காவிட்டால்? நாற்காலியைச் சற்றே கதவை ஒட்டிப் பின்னால் நகர்த்தினாள்.

பெண்ணின் பிடி இறுகியது.

அப்போதுதான் ஆலோசகி கவனித்தாள், பெண் பார்த்தது தன் முகத்தை அல்ல, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவை. ஆலோசகிக்குச் சுரீரென்று உறைத்தது. இத்தனை நாளும் அவளை மூலையில் உட்கார வைத்து, வழியை அடைத்துக்கொண்டு, பயப்படாமல் பேசு என்று கெஞ்சியிருக்கிறாள். இதைவிட அசட்டுத்தனம் உண்டா!

"நான் அந்தப் பக்கம் வரேன். நீ இங்க வந்து உக்காந்துக்கோ. கதவு பூட்டல."

மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகத்தான் இடம். இருவரும் உரசிக்கொண்டு கடந்தபோது கத்தரிக்கோல் முனை ஆலோசகியின் இடுப்பருகே போனது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூலை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தபோது, மணி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

பெண் கதவைத் திறந்தாள். நீண்ட நடைவழியில் ஆள் நடமாட்டமே இல்லை. ஓடப்போகிறாள், வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று ஆலோசகி நினைத்தாள். பெண் ஓடவில்லை. நாற்காலியை இழுத்து வாசற்படியை அடைத்துப் போட்டு உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் மடியில் இருந்தது.

"பயமா இருக்காக்கா?"

பயத்தை வெளியே காட்டக் கூடாது என்பதும் பயிற்சிப் பாடம்தான். அது கிடக்கட்டும் என்று தோன்றியது.

"ரொம்ப பயமா இருக்கு. மூச்சே முட்டுது."

பெண் தலையாட்டினாள். அவள் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடவில்லை. தரையில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை ஒரு ஓரமாக நகர்த்தி, ஒரு ஆள் போகும் அளவுக்கு வழிவிட்டாள்.

"எங்க சித்தப்பாவும்" என்றாள், "ராத்திரி நான் படுக்கற ரூமுக்கு வந்தா கதவுகிட்டதான்க்கா உக்காருவாரு."