ஒரே பக்கம் சாய்ந்த காடி

ஓசூருக்கு வந்து பரமசிவத்துக்குக் கிடைக்காதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிப்காட்டில் ஃபிட்டர் வேலை, லைன் வீட்டில் காற்றோட்டமான கோடி வீடு, தவணையில் எடுத்த டேபிள் ஃபேன், எல்லாம் இருந்தது. 'நம்ம ஆள்' என்ற பேச்சு மட்டும்தான் கிடைக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு பிள்ளைகளையும் இங்கேயே பெற்று வளர்த்தும், தெருவுக்கு அவர் தெக்கத்தியான்தான். தர்மராஜா கோயில் திருவிழாவுக்கு வரி கேட்க மட்டும் அவர் கதவைத் தட்டுவார்கள். பந்தி என்று வந்தால் கடைசி வரிசை. அதையெல்லாம் சட்டை செய்யாதவர் போலத்தான் நடந்துகொள்வார். ஆனால் அவர் மனைவி வீரலட்சுமிக்குக் குழாயடியில் வாய் நிற்காதே. மனுஷன் தூக்கத்தில்கூட அதைச் சொல்லி முனகுகிறார் என்பது குடம் நிறைவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

எண்பத்தேழாம் வருஷத் திருவிழாவில் தர்மகர்த்தா திம்மப்பனுக்கு ஒரு வீம்பு வந்தது. திரௌபதி கல்யாணக் கூத்தில் அர்ச்சுனன் வளைக்கும் வில், அதுவரை மூங்கிலில் வெள்ளித்தாள் ஒட்டியது. நாணை முன்னாலேயே கட்டி வைத்திருப்பார்கள். வளைப்பதெல்லாம் பாட்டில்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் நிஜ மர வில் வைத்தார்கள் என்று கேட்டதிலிருந்து திம்மப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அர்ச்சுனன் வேஷம் கட்டுகிற தீர்த்தகிரி, பரமசிவத்துக்கு அடுத்த வீடு, ஒரே ஷிஃப்ட். அவன்தான் பேச்சை எடுத்தான்.

"எங்க பரமசிவண்ணன் கையில குடு மாமா. ஒரு நூல் பிசகாது."

பரமசிவம் அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துவிட்டார். நூர் முகமது பாய் மர மண்டியிலிருந்து, ஜவளகிரிப் பக்கத்துத் தடசு மரம் ஒன்று முடிச்சில்லாமல் வந்து இறங்கியது. வேலை விட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்து செதுக்கினார், இழைத்தார், உப்புத்தாள் போட்டார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. தெக்கத்தியான் வாசலில் அவ்வளவு பேர் நின்றது அதுதான் முதல் தடவை. வீரலட்சுமி எல்லாருக்கும் டீ கொடுத்தே சர்க்கரை டப்பாவைக் காலி செய்தாள்.

கடைசியாக, நாண் உட்காரும் பள்ளமான காடியை வெட்டும் நாள் வந்தது. வில்லின் இரண்டு நுனியிலும் பக்கவாட்டில் காடி விழ வேண்டும். இரண்டும் நடுவில் இருக்கும் கைப்பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நாண் இழுக்க இழுக்க உள்ளே இறுகும். இதை வந்தவர்களுக்கெல்லாம் அவரே விரல் நீட்டி விளக்கினார். விளக்கிக்கொண்டே, சாய்வுக்கென்று வெட்டி வைத்திருந்த தகரத்தை ஒரு நுனியில் வைத்துக் கோடு போட்டார். அதே தகரத்தை அப்படியே நகர்த்தி அடுத்த நுனியிலும் வைத்துக் கோடு போட்டார். கம்பெனியில் நாள் முழுக்க அவர் செய்கிற வேலை அதுதான். அங்கே எல்லாப் பீஸும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். கை பழகின வழியில் போய்விட்டது. முக்கோண அரத்தால் அவர் ராவியபோது மரத்தூள் மாவு மாதிரி கொட்டியது, தெரு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நாண் ஏற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். ஆனால் திம்மப்பன் ஒரு சட்டம் போட்டிருந்தார். அது கன்னி வில், அர்ச்சுனனுக்கு முன்னால் வேறு எவனும் நாண் ஏற்றக்கூடாது. எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சோதிக்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே அனுப்பாத பரமசிவம், கீழ் நுனியில் நாணை முடிந்து, மேல் நுனிக்கான வளையத்தைத் தொங்கவிட்டு, வில்லைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தார். மஞ்சள் நீராட்டிக் காப்புக் கட்டினார்கள்.

கூத்து பகலில். பரமசிவத்தின் தலையில் பரிவட்டம் கட்டி, முன்வரிசை ஜமக்காளத்தில் உட்கார வைத்தார்கள். பெண்கள் பக்கத்தில் வீரலட்சுமி, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே கழுத்து வலி கண்டாள். மேடையோரம் வில் நிறுத்தியிருந்தது. வெயில் சாய்வாக விழ, இரண்டு காடியிலும் நிழல் இறங்கியது. கீழ்க்காடியின் நிழல் கைப்பிடியைப் பார்த்தது. மேற்காடியின் நிழல் வானத்தைப் பார்த்தது.

பரமசிவம் எழுந்து திம்மப்பனிடம் ஓடினார்.

"காடி தப்பா விழுந்திருக்கு அண்ணாச்சி. கொஞ்சம் குடுங்க, அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தாச் சரியாயிரும்."

"காப்புக் கட்டின வில்லு மேல இரும்பு படறதா? ஊரு வெளங்குமா? சும்னே உக்காருப்பா. பரிவட்டம் கட்டியாச்சில்ல, இன்னும் என்னா வேணும்?"

திரைக்குப் பின்னால் போனார். தீர்த்தகிரி முகத்தில் அரிதாரம் பூசி, கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தான். மேல் வளையத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி கெஞ்சினார்.

"முடி கட்டியாச்சுண்ணா. இப்ப நான் தீர்த்தகிரி இல்ல" என்று அவன் மீசையைத் தடவினான். அர்ச்சுனனுக்கு ஃபிட்டர் புத்தி சொல்வதாவது.

ராஜாக்கள் ஒவ்வொருவராக வந்து, முக்கி, விழுந்து, சிரிப்பு வாங்கிப் போனார்கள். அர்ச்சுனன் ஆடிக்கொண்டே வந்தான். அம்மனைக் கும்பிட்டு வில்லை எடுத்து, முழங்காலில் கொடுத்து வளைத்தான். தடசு மரம் அழகாக வளைந்தது. வளையத்தைக் காடியில் மாட்டினான். அது உட்கார்வதுபோல உட்கார்ந்து, வழுக்கி, நுனி வழியே வெளியே வந்தது. மறுபடியும் மாட்டினான், மறுபடியும் வந்தது. மிருதங்கக்காரன் கையை நிறுத்தினான். பரமசிவத்தின் விரல்கள் ஜமக்காளத்துக்குள் எதையோ அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், வேஷக்காரன் இருக்க வேண்டிய சுத்த சைவ விரதத்தில் ஏதோ குறை என்றது. அவ்வளவுதான். அர்ச்சுனன் கிரீடத்தோடு குப்புற விழுந்தான்.

"முந்தாநேத்து பஸ் ஸ்டாண்டு பேக்கரில முட்ட பப்ஸு தின்னுட்டேன் தாயே."

வெஜிடபிள் என்று கேட்டுத்தான் வாங்கினானாம். கடித்த பிறகுதான் தெரிந்ததாம். கடித்ததை எறிய மனசு வரவில்லையாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவன் மனைவி நாராயணம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பரமசிவம் எழுந்தார்.

"அவன் மேல குத்தமில்லீங்க. காடிய நாந்தான் தப்பா வெட்டிட்டேன். தகரத்தத் திருப்பிப் போட்டிருக்கணும். போடல."

திம்மப்பனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களாப்பா நம்ம ஆள? கூட வேல செய்றவன் மானம் போவக்கூடாதுன்னு பழியத் தன் தலமேல போட்டுக்கறான்."

நம்ம ஆள். எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. காடியைப் பாருங்கள், ஒரு தடவை பாருங்கள் என்று அவர் கத்தக் கத்த, கூட்டம் அவரைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்தது. மஞ்சள் நூலால் நாணைச் சுற்றிக் கட்டி, கல்யாணத்தை ஒரு வழியாக முடித்தார்கள். வில்லைக் கல் கட்டி ஏரியில் விட்டார்கள்.

தீர்த்தகிரி மொட்டை போட்டுக்கொண்டான். கேன்டீனில் அவனுக்குப் 'பப்ஸு' என்றே பேர் விழுந்தது. நாராயணம்மா குழாயடிக்கு எல்லாரும் போன பிறகுதான் வருவாள். பரமசிவம் தகரத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், இப்படி வைத்தேன், இப்படித் திருப்பியிருக்க வேண்டும் என்று காட்டினார். அவன் தகரத்தைப் பார்க்கவே இல்லை.

"உன் மனசு யாருக்குண்ணா வரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அதிலிருந்து பந்தியில் பரமசிவத்துக்கு முதல் இலை. இலையில் விழுவதை அவர் பிசைந்துகொண்டே இருப்பதை எதிர்வரிசை கவனிக்காமல் இல்லை.

அடுத்த வருஷம் மேளத்தோடு மரம் வந்தது. தூக்கி வந்தவன் தீர்த்தகிரிதான், பிராயச்சித்தமாம். அர்ச்சுனன் வேஷம் இந்தத் தடவை திம்மப்பனின் மருமகனுக்கு. அவன் முகம் இப்போதே வெளிறியிருந்தது. வாசலில் மஞ்சள் பூசி மரத்தை நிறுத்திவிட்டுத் திம்மப்பன் சொன்னார்:

"குத்தத்தக் காட்டிக்குடுத்த வில்லுப்பா அது. காடி மட்டும் போன வருசம் மாதிரியே இருக்கட்டும்."

அப்படியே வெட்டினால் அந்தப் பையன் விழுவான். திருப்பி வெட்டினால் நாண் ஜம்மென்று உட்காரும், போன வருஷக் குற்றம் பப்ஸுடையதுதான் என்றாகி, தீர்த்தகிரிக்கு அந்தப் பேர் காலத்துக்கும் நிலைத்துவிடும். பரமசிவம் வாயைத் திறந்தார். அதற்குள் வீரலட்சுமி மரத்துக்குக் குங்குமம் வைத்து, ஆரத்தி எடுத்து முடித்திருந்தாள்.