அமிர்தவள்ளி பேரில் ஐம்பது ஜோடி

எதிராளியை நம்பாதது எந்த வக்கீலுக்கும் தொழில். கட்சிக்காரரையும் நம்பாதது என் சுபாவம். இருபத்திரண்டு வருடமாக வேலூர் கோர்ட்டில் விபத்து வழக்குகள் மட்டும்தான் நடத்துகிறேன். என் அறைக்குள் நொண்டி நொண்டி வந்த ஒருவர், வெளியே போனதும் ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டதை இதே ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் காபி டம்ளரை அடிபட்ட கைப்பக்கமாக நீட்டிப் பார்ப்பேன். ஞாபகமில்லாமல் அந்தக் கையால் வாங்கிவிட்டால், குடித்து முடித்ததும் வேறு வக்கீலைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

அமிர்தவள்ளி இடது கையால் வாங்கினாள். அப்போதும் நான் நம்பவில்லை. யாரோ விவரமானவர்கள் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவள் ஆம்பூர்க்காரி. புருஷன் இறந்து ஆறு வருடம். ஷூ கம்பெனிக்காக வீட்டிலேயே உட்கார்ந்து, ஷூவின் மேல்பாகமான அப்பரை ஊசியால் தைத்துப் பிழைப்பவள். ஏஜென்ட் இன்பராஜ் திங்கட்கிழமை தோல் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார், தைத்ததைச் சனிக்கிழமை வந்து எடுத்துப்போவார். வேலூர் லாங் பஜாருக்குச் சாமான் வாங்க வந்தபோது, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த லோடு வண்டி அவள் வலது கையைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. விரல்கள் இருக்கின்றன, பிடிமானம் இல்லை என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். இனி அந்தக் கை சம்பாதிக்காது, அதற்கு ஈடு வேண்டும் என்பதுதான் வழக்கு.

குறுக்கு விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கலீமுல்லா கோர்ட் வாசல் டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"பிரிசில்லா மேடம், உங்க பார்ட்டி நல்லாவே தெக்கிறாங்க போலருக்கே" என்று ஒரு நகலை நீட்டினார். இன்பராஜின் நோட்டுப் பக்கங்கள். விபத்துக்கு முன்னால் அமிர்தவள்ளி பேரில் வாரம் ஐம்பது ஜோடி. விபத்துக்குப் பின்னாலும் ஐம்பது. அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில்கூட நாற்பத்தெட்டு.

என்னையே ஏமாற்றிவிட்டாளே என்ற எரிச்சல். டீயை அப்படியே வைத்துவிட்டு, போன்கூடப் பண்ணாமல் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன்.

அமிர்தவள்ளி வீட்டுக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நான்கு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவசரமாக ஒரு பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினாள். இழுத்துப் பார்த்தேன். பைமேல் மார்க்கரில் அமிர்தவள்ளி என்று எழுதியிருந்தது.

"இதெல்லாம் யார் தெச்சது?" என்றேன்.

அமிர்தவள்ளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டு ஜஹீதாதான் ஊசியைக் கீழே வைத்தாள்.

"நாங்கதான். இன்னா பண்ண சொல்றீங்க? மூணு வாரம் ஜோடி வரலன்னா ஏஜென்ட் பேர அடிச்சிடுவாரு. ஒரு தபா போச்சுன்னா அந்தப் பேரு திரும்ப ஏறாது. கை சரியாயி வந்தா இவ எங்க போவா? அதான் நாலு பேரும் பங்கு போட்டுத் தெச்சி இவ பையில போடறோம். காசும் இவளுக்குத்தான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருப்பதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். பையிலிருந்து இரண்டு அப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றில் தையல் நெருக்கமாக, தோல் சுருங்கும் அளவுக்கு இறுகியிருந்தது. இன்னொன்றில் தையல் வரிசையாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஊசி பிடிக்கத் தெரியாத எனக்கே அது இரண்டு பேர் கை என்று புரிந்தது. அப்போதுதான் நம்பினேன்.

"இதையே கோர்ட்ல சொல்லிடு அமிர்தவள்ளி. கேஸ் நிக்கும்" என்றேன்.

"ஏஜென்ட்டுக்குத் தெரிஞ்சா?" என்றாள் ஜஹீதா. "ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் தெச்சா கம்பெனி ஒத்துக்காது மேடம். மொத்தத் தெருவுக்கும் மூட்டை வராது. நீங்க பஸ் ஏறிப் போய்டுவீங்க."

"சொல்லலன்னா இவளுக்கு ஒண்ணும் கெடைக்காது. கை நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிடுவாங்க" என்றேன். அமிர்தவள்ளி தலையை ஆட்டினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

குறுக்கு விசாரணை அன்று கோர்ட்டில் அடுத்த சாட்சியாக இன்பராஜும் வந்திருந்தார். தன் முறை வரும்வரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கலீமுல்லா சுற்றி வளைக்கவில்லை.

"விபத்துக்கு அப்புறம் உங்க பேர்ல இருக்கிற ஜோடியெல்லாம் யார் தெச்சதும்மா?"

அமிர்தவள்ளி வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் தெச்சேன் சார்."

அறைந்திருப்பேன். அவ்வளவு கோபம். எத்தனையோ பேர் பணத்துக்காகப் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கைக்கு வரப்போகிற பணத்தை வேண்டாமென்று தள்ளிவிட ஒருத்தி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மறு விசாரணைக்கு எழுந்தேன். ஒரே கேள்வி போதும், உண்மை வெளியே வந்துவிடும். கூண்டில் அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றாள். "கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கேஸ் போய்விட்டது என்று முடிவுகட்டினேன்.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு நீட்டினார்கள். அவள் பழக்கதோஷத்தில் பேனாவை இடது கையால் எடுத்தாள். உடனே என்ன நினைத்தாளோ, வலது கைக்கு மாற்றினாள். தைத்தேன் என்று சொன்ன கை அல்லவா, கையெழுத்தும் போட வேண்டும். விரல்கள் மடங்கவில்லை. பேனா நழுவி மேஜையில் விழுந்தது. மறுபடி எடுத்து, இடது கையால் வலது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைச் சுற்றி வைத்தாள். அழுத்தியதும் மறுபடி விழுந்து உருண்டு கலீமுல்லாவின் காலடிக்குப் போனது. அவர் குனிந்து எடுத்து, ஒன்றும் பேசாமல் அவள் இடது கையில் கொடுத்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சாட்சியால் வலது கையில் பேனா பிடிக்க முடியாததை நீதிமன்றம் நேரில் கண்டது என்று ஒரு வரி சேர்த்துத் தட்டச்சு செய்யச் சொன்னார். அந்த ஒரு வரி எங்களுக்குப் போதும். எனக்கு இருந்த சந்தோஷத்தில் வாசல் பக்கம் திரும்ப நேரமானது. திரும்பியபோது இன்பராஜ் நோட்டைப் பிரித்து, அந்த ஐம்பதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. சொல்ல போன் பண்ணினால் அவள் எடுக்கவில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"மேடம், அந்தப் பணத்த அஞ்சா பிரிச்சி, அஞ்சு பேர் பேர்ல செக்கு வாங்கித் தர முடியுமா?"

எனக்குச் சட்டென்று பழைய புத்தி விழித்துக்கொண்டது. பணம் வருகிறது என்று தெரிந்ததும் தெருவே வந்து இவளைச் சுற்றி நிற்கிறது என்று நினைத்தேன்.

"யார் கேக்கச் சொன்னது? ஜஹீதாவா? பக்கத்துல நிக்கறாளா?" என்றேன்.

"யாரும் இல்ல மேடம். நான் கோர்ட்டுக்கு வந்த மறு வாரத்துலருந்து தெருவுக்கு மூட்டை வரல. அவங்க யாரும் எங்கூடப் பேசறதில்ல."