அத்தான் அழுத்திய அப்டேட்

சிவப்புப் புள்ளியைக் கண்டால் அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. போனில் இருந்தாலும் சரி, டிவியில் இருந்தாலும் சரி, அதை அழுத்தித் தீர்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, அக்காவின் கேம் கன்சோலைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்குள் வந்தார். பின்னாலேயே அக்கா.

"அப்டேட் கேட்டுச்சு. நல்லதுதானேன்னு குடுத்துட்டேன். இப்போ ஆன் ஆக மாட்டேங்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே கழற்றி மாட்டியிருப்பேன். அது சாதாரணக் கன்சோல் இல்லை. தையல் மெஷினில் சிக்கி அக்காவின் வலது கை முடங்கிய பிறகு, எல்லாப் பொத்தானும் இடது கைக்குள் அடங்கும்படி நான் மாற்றியமைத்தது. அதற்கான மாற்று ஃபர்ம்வேர், அதாவது கன்சோலை இயக்கும் மென்பொருள், மெமரி கார்டில் இருக்கிறது. கன்சோலின் சொந்த ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அத்தான் புதுசு போட்டுவிட்டார். புதுசுக்குப் பொருந்துகிற மாற்றை இன்னும் யாருமே எழுதவில்லை.

நான்கு மணிக்கு நூலக அரங்கில் கார் பந்தய இறுதிச் சுற்று. அவரவர் கன்சோலோடு வர வேண்டும். பொத்தானை இடம் மாற்றலாம், காரின் வேகத்தைத் தொடக்கூடாது. போன வருஷம் அங்கே அக்காவுக்கு ஊக்கப் பரிசு கொடுத்தார்கள், ஓட்டியதற்காக இல்லை, கைக்காக. வீட்டுக்கு வந்ததும் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். இந்த வருஷம் அவளுக்கு முதல் பரிசு வேண்டும், அதுவும் யாரும் 'பாவம்' என்று சொல்லாமல்.

"பேக்கப் வெச்சிருப்பேல்ல?" என்று அக்கா கேட்டாள்.

இல்லை. கடைக்கு வரும் எந்தக் கன்சோலையும் தொடும் முன் முழு நகல் எடுப்பேன். எடுக்காதவர்களை நிற்க வைத்துப் பிரசங்கம் செய்வேன். நம் வீட்டுப் பொருள்தானே என்று இதற்கு மட்டும் எடுக்கவில்லை. ஃபர்ம்வேரில் எந்தப் பதிப்பு போட்டேன் என்றுகூடக் குறித்து வைக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

"இல்லக்கா. தப்பு அத்தான் மேல மட்டும் இல்ல."

அத்தான் முகம் தெளிந்தது. "நான் அப்பவே நெனச்சேன்."

"நீங்க பேசாதீங்க!" என்றோம் இருவரும்.

நகல் இருந்தால் இருபது நிமிஷ வேலை. இப்போது பழைய ஃபர்ம்வேரை நானே கோப்பு கோப்பாக உள்ளே எழுத வேண்டும். பிசகினால் கன்சோல் குப்பைக்குத்தான். அதனால் இருக்கிற நிலையிலாவது முதலில் ஒரு நகல் எடுத்தேன். அதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிக்கு எழுதி முடித்து ஆன் செய்தேன். லோகோ வந்தது. பிறகு கருப்புத் திரை. மறுபடியும் லோகோ, மறுபடியும் கருப்பு.

"சரி விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள் அக்கா.

லோகோ வரைக்கும் வருகிறது என்றால் ஃபர்ம்வேர் சரி. முகப்புத் திரைக்குப் போகும்போது விழுகிறது. முகப்பு! அவளே கேட்டாள் என்று, பிறந்தநாளுக்கு ஒரு தையல் மெஷின் படம் வரைந்து முகப்பில் போட்டிருந்தேன். அந்த மாதிரிப் படம், எந்தப் பதிப்புக்குச் செய்தோமோ அதில்தான் ஓடும். நானோ இப்போது கடையில் வழக்கமாகப் போடும் பதிப்பைப் போட்டிருக்கிறேன். குற்றவாளி என் கைவண்ணமேதான்!

கார்டை எடுத்துப் படத்தை அழித்தேன். திரும்பச் செருகி ஆன் செய்தேன். லோகோ. கருப்பு. அத்தான் சாமியைக் கூப்பிட்டார். முகப்பு வந்தது, பந்தயத்தைத் திறந்ததும் அக்காவின் பச்சைக் காரும் வந்தது. இடது கையால் அவள் காரை ஒரு வட்டம் சுழற்றிக் காட்டினாள். நான் கடை அதிரக் கத்தினேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும்போது அரங்கில் நுழைந்தோம். இரண்டு சுற்று வரைக்கும் அக்கா மூன்றாவது. கடைசிச் சுற்றில் ஒருத்தனைத் தாண்டினாள். கடைசி வளைவில் மற்றவன் அகலமாகத் திரும்ப, அந்த இடுக்கில் பச்சைக் கார் புகுந்து வெளியே வந்தது. கோட்டைத் தாண்டும்போது அவன் பின்னால் இருந்தான்.

அறிவிப்பாளர் மைக்கில் உருகினார். "ஒரு கைய இழந்தும் மனசு தளராத நம்ம சகோதரி..."

அக்கா மேடையேறி மைக்கை வாங்கினாள். "கைய விடுங்க சார். நான் எத்தனாவது வந்தேன்னு சொல்லுங்க."

அவர் மைக்கைத் திரும்ப வாங்கி, சத்தமாகச் சொன்னார்:

"முதலிடம்!"