மூணாவதுதான் தெளிவு

"ஆடாம உக்காரு. தலையத் திருப்பாத," என்றேன்.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரிசமமான தூரத்தில், தரையில் நான் ஒட்டியிருந்த காகித நாடாவுக்கு நேராக, சோபாவின் நடுவில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வந்தவள் மாதிரி கைகள் மடியில், முதுகு நேராக. சனிக்கிழமை காலை பத்து மணி. வாளியில் அலசிய துணி காயப் போடக் காத்திருந்தது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

விஷயம் இதுதான். ஏழு வருடமாக என்னிடம் இருந்தது ஒரு சின்ன ஸ்ட்ரீமர். இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற, சோப்பு டப்பா அளவுச் சாமான். அது போதாதா என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் புத்திசாலிகள். எனக்குப் போதவில்லை. ரொம்ப மலிவும் வேண்டாம், வீட்டை விற்று வாங்குகிறதும் வேண்டாம், நடுத்தர விலையில் உருப்படியாக ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு இரண்டு மாதத்தைத் தின்றது. ஒரு விமர்சகர் மேல் சுரங்கள் துல்லியம் என்பார். அதே பெட்டியை இன்னொருவர் காதைக் குத்துகிறது என்பார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து இதையே படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கறுப்பு, முகப்பில் திரை உண்டு. இன்னொன்று வெள்ளி நிறம், திரை கிடையாது, எல்லாம் போனில் இருக்கும் ஆப் வழியாகத்தான். கடைக்காரரை நாங்கள் பேஸ் அண்ணன் என்போம். ஸ்பீக்கரில் பேஸ் என்கிற அடிச் சத்தம் மாதிரி, குரல் அவ்வளவு கனம். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க தம்பி. வீட்ல வச்சுக் கேட்டுட்டு திங்கக்கிழம ஒண்ணத் திருப்பிக் குடுங்க," என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

தீர்ப்பு சொல்ல வேண்டியது என் மனைவி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் பிழைப்பே காதுதான். ஆஸ்பத்திரியில், காது மூக்கு தொண்டைப் பிரிவில், யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற வேலை, இருபத்திரண்டு வருடமாக. ஆனாலும் வீட்டில் காது என்றால் அவளுடையதுதான். கல்யாணமான புதிதில், ஸ்பீக்கரில் ஒரு திருகாணி லேசாக அதிர்வதைச் சமையலறையில் இருந்தபடியே சொன்னவள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்தச் சாமான் வாங்கினாலும் அவள் கேட்டுத் தலையாட்டாமல் வாங்கியதில்லை. இதை நண்பர்களிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து சத்தம் அளக்கிற மீட்டரைக் கொண்டுவந்து, மூன்று பெட்டிகளையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதையே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும். அந்த ஏமாற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது. பாட்டையும் நானே தேர்ந்தெடுத்தேன். ஒரு கிதார், ஒரு பெண் குரல், பின்னால் விட்டுவிட்டு ஒலிக்கிற பொடி மணி. "அந்த மணிய மட்டும் கவனி. எதுல தெளிவா இருக்குன்னு சொன்னாப் போதும்," என்றேன். எது எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவளைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக மாற்றினேன்.

பழைய பெட்டிக்கு, "ம்," என்றாள். கறுப்புக்கு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு." வெள்ளிக்கு முழுப் பாட்டையும் கேட்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் சிரித்தாள்.

"மூணாவதுதான். மணி நல்லா தெளிவாக் கேக்குது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதமாக என் மனசு அந்த வெள்ளிப் பெட்டியில்தான் கிடந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்றேன். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள், "சரி, நான் துணியக் காயப் போட்டுட்டு வரேன்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். சோபாவில் இன்னும் அவள் சூடு இருந்தது. வெள்ளிப் பெட்டியில் அதே பாட்டைப் போட்டேன். கிதார் வந்தது. குரல் வந்தது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவது மாதிரி. மணி வரவில்லை. மறுபடி போட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மணி இல்லை. சாமானே பழுது போலிருக்கிறது, பேஸ் அண்ணன் நன்றாகத் தலையில் கட்டிவிட்டார் என்று ஆப்பைத் திறந்தேன். ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கிற கோடு அடிமட்டத்தில் கிடந்தது. எனக்கு முன்னால் இரவல் வாங்கிப் போனவர் யாரோ இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். மேல் சுரங்கள் மொத்தமும் துடைத்துப் போட்டாற்போல் போயிருந்தன. கோட்டை நடுவுக்கு நகர்த்தினேன். மணி ஒலித்தது.

ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. மேல் சுரம் எப்போதும் முன்பக்கமாகத்தான் போகும். சரி. முன்னால் உட்கார்ந்திருந்தவள் தெளிவாகக் கேட்கிறது என்றாளே.

முதலில் கோபம்தான் வந்தது, அதையும் மறைப்பானேன். இந்த மனுஷன் என்னவோ பண்ணிக்கொள்ளட்டும் என்று என்னைத் தட்டிக்கழித்திருக்கிறாள், நான் இவ்வளவு மெனக்கெட்டதற்கு மதிப்பில்லை என்று நினைத்தேன். மாடிப் படி வரைக்கும்கூடப் போய்விட்டேன். அங்கேதான் கால் நின்றது.

சோதிப்பவன் முகத்தைச் சோதிக்கப்படுகிறவர் பார்க்கக் கூடாது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. காது குறைந்தவர்கள் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். நம் புருவம் ஏறினாலே பொத்தானை அழுத்திவிடுவார்கள். வெள்ளிப் பெட்டிக்கு மாற்றியபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும்.

அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு பல் டாக்டரிடம் போன் எடுத்து நேரம் கொடுக்கிற வேலையைப் போன வருடம் திடீரென்று விட்டாள். அலுத்துப் போச்சு என்றாள். பாட்டுக் கேட்க வீட்டில் துணைக்கு ஆள் கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் கூப்பிட்டால் போனை என்னிடம் நீட்டிவிட்டு, "மெசேஜ் போடச் சொல்லுங்க," என்பாள். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நானே தீர்மானித்து, மகளுக்குப் புத்திமதி வேறு சொன்னேன். வாஷிங் மெஷின் முடிந்துவிட்டது என்று கத்திக்கொண்டே இருக்கும், அவள் பக்கத்தில் நின்று காய் நறுக்குவாள். "காதக் கழட்டி எங்க வச்ச?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. அவள் சிரிப்பாள். ஒரு விஷயத்தை மூன்றாம் முறை சொல்ல வேண்டி வந்தால் நான் விடுகிற பெருமூச்சு இருக்கிறதே, அதே பெருமூச்சை விடுகிற கணவன்மார்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படிப் பண்ணாதீங்க சார், அவங்க உள்ளுக்குள்ளயே ஒடுங்கிடுவாங்க," என்று நான் கண்டித்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் நேற்றைய துணிகளோடு இறங்கி வந்தாள். சோபாவில் போட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி மடிக்க ஆரம்பித்தாள். நான் பாட்டைப் போடவில்லை. போனில் மணிச் சத்தத்தை மட்டும் தேடி எடுத்து ஸ்பீக்கரில் விட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அவள் என் சட்டையின் காலரை நீவி, கைகளை உள்ளே மடக்கி, அடுத்த சட்டையை எடுத்தாள்.

நான் நிறுத்தியதும் எதற்கோ திரும்பினாள். என் கையில் இருந்த போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மடித்த சட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எத்தன நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாள் பூரா அதையே பாத்துட்டு வரீங்க. வீட்லயும் ஒரு பேஷண்ட் உக்காந்திருக்கணுமா?" சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள். "மொதல்ல, நீங்க கண்டுபிடிச்சிருவீங்களோன்னு பயந்து பயந்து இருந்தேன். அப்புறம், ஏன் இன்னும் கண்டுபிடிக்கலன்னு இருந்துச்சு."

அவள்தான் மறுபடி, "அந்த மூணாவது நெசமாவே நல்லா இல்லையா?" என்று கேட்டாள். என் இரண்டு மாத உழைப்பைத் தான் கெடுத்துவிட்டோமோ என்கிற கவலை அவள் முகத்தில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை இரண்டு பேருமாக என் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியில் பேஸ் அண்ணன் கடையில் இரண்டு பெட்டிகளையும் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ஆச்சரியம். என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்: "ஏம்மா, உங்களுக்கு எது புடிச்சுது?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே," என்றாள்.

"நானும் அதத்தாம்மா சொல்றேன். இந்த மனுஷன் கேட்டாத்தானே," என்று அவர் கடகடவென்று சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே வந்ததும், "அவர் பேசுறது மட்டும் எனக்கு அப்படியே புரியும்," என்றாள். பேஸ் அண்ணனை ஏன் அவளுக்கு இவ்வளவு பிடிக்கிறது என்று நான் எத்தனையோ நாள் அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

சத்தம் புகாத சின்ன அறைக்குள் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானை அவள் கையில் கொடுத்தேன். "தப்பா அழுத்திட்டா?" என்றாள். "தப்புன்னு ஒண்ணும் இல்ல," என்றேன். வெளியே வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோதித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. வேறு யாருக்காவது என்றால் இருபது நிமிடத்தில் முடித்திருப்பேன்.

முடித்ததும் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் காதின் அளவைக் கோடாக வரைந்த காகிதத்தை நான் மறைக்கவில்லை. வலது காதும் இடது காதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கோடு இடது பக்கம் மேலே கிளம்பி, பாதி வரை ஒழுங்காகப் போய், அப்புறம் படி இறங்குவது போல வலது பக்கம் கீழே கீழே போயிருந்தது.

"இத எப்படிப் பாக்கணும்?"

"இடது பக்கம் கனமான சத்தம். வலது பக்கம் போகப் போக மெல்லிசு. கீழ போகப் போகச் சத்தம் கூடும். கோட்டுக்கு மேல இருக்கறது உனக்குக் கேக்காது. கோட்டுக்குக் கீழ இருக்கறது கேக்கும்."

கொஞ்ச நேரம் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தாள். "உங்க குரல் இதுல எங்க இருக்கு?"

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேனாவை எடுத்து இடது பக்கம், கோட்டை ஒட்டி, கொஞ்சம் கீழே ஒரு புள்ளி வைத்தேன். "இங்க. சத்தம் கேக்கும். சில எழுத்து நழுவிடும். குரல் ஒசந்தா நல்லாக் கேக்கும்."

"அதான். திட்டுறது மட்டும் முழுசா வந்து சேரும்," என்றாள். குத்திக்காட்டவில்லை, புரிந்துவிட்டதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "நம்ம பொண்ணு?"

மகளின் குரல் மெல்லியது. வேகமாகப் பேசுவாள், சொல்லின் கடைசியை விழுங்குவாள், அதுவும் போனில். எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். "கருவி வச்சா இதெல்லாம் மாறும். இன்னிக்கே பாத்துரலாம்," என்றேன்.

"அது இருக்கட்டும். இப்ப எங்க இருக்கா, காட்டுங்க."

பேனா வலது பக்கம் நகர்ந்து, கோட்டுக்கு மேலே போய் நின்றது. புள்ளி வைக்கவில்லை. காகிதத்தைத் தொடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, என் முகத்தைப் பார்க்காமல், பேனாவோடு சேர்த்து என் கையைக் கோட்டுக்குக் கீழே இறக்கப் பார்த்தாள்.